ஜிங்க் பிளேட்டிங் யூனிட்ல சயனைடு வாயு: பின்பக்க டிரெய்ன்ல நடந்தது, அதுக்கப்புறம் மாத்தினது (நிகழ்வு ஆய்வு)

யூனிட் எப்படிப்பட்டது

கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல இருக்கிற ஒரு ஜாப் ஒர்க் பிளேட்டிங் யூனிட். பம்ப் கம்பெனிகளுக்கும் ஆட்டோ பார்ட்ஸ் செய்றவங்களுக்கும் போல்ட், பிராக்கெட், வார்ப்பு பாகங்கள்னு வர்ற எல்லாத்துக்கும் ஜிங்க் (துத்தநாகம்) பூச்சு போட்டு, அந்தப் பூச்சை பாதுகாக்கிற பாசிவேஷன் கரைசல்ல முக்கி அனுப்புவாங்க. ஒரு பேரல் லைன் (சின்ன பாகங்களை உருளையில போட்டு சுத்துறது), ஒரு வேட் லைன் (பெரிய பாகங்களை தொட்டியில முக்குறது), ரெண்டுலயும் ஜிங்க் கரைசல் சயனைடு கலந்தது. வேலை செய்றவங்கள்ல பாதிப்பேர் உள்ளூர், மீதி ஒடிசா, பீகார்ல இருந்து வந்த பசங்க. சூப்பர்வைசர் இந்த வேலையிலயே தலை நரைச்சவர், கரைசலோட நிறத்தைப் பாத்தே பாத் (பிளேட்டிங் கரைசல் தொட்டி) எப்படி இருக்குன்னு சொல்லிடுவார்.

பிளேட்டிங் தெரியாதவங்களுக்காக வரிசையை மட்டும் சொல்லிடறேன், ஏன்னா பிரச்சினையே இந்த வரிசையிலதான் இருக்கு. பாகத்தை முதல்ல காஸ்டிக் சோக்ல (காஸ்டிக் சோடா கரைசல்) எண்ணெய் போக கழுவி, தண்ணில அலசி, ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக்) ஆசிட்ல துரு எடுத்து (இதுதான் பிக்லிங்), மறுபடி அலசி, அப்புறம் சயனைடு டேங்க். வெளிய எடுத்து அலசி, லேசான நைட்ரிக் ஆசிட்ல ஒரு முக்கு முக்கி, பாசிவேஷன். அதாவது சயனைடுக்கு முன்னாடியும் ஆசிட், பின்னாடியும் ஆசிட். நடுவுல காவல் இருக்கிறது ரின்ஸ் தண்ணி மட்டும்தான்.

சயனைடு டேங்க் மட்டும் தனியா இருந்தா அவ்வளவு வாயு வராது. அதுல காஸ்டிக் நிறைய இருக்கும், பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7க்கு மேல காரம்) 13 பக்கத்துல நிக்கும், சயனைடு கரைசல்லயே அடங்கி இருக்கும். பிஹெச் 9.2க்கு வந்தா பாதி சயனைடு ஹைட்ரஜன் சயனைடுங்கிற விஷமா (ஹெச்சிஎன்) மாறிடும், அதுக்கும் கீழ போனா கிட்டத்தட்ட முழுசும். ஹெச்சிஎன்னோட கொதிநிலை 26 டிகிரிக்குள்ள, நம்ம ஊரு வெயில்ல அது கரைசல்ல தங்குறதுக்கு வழியே இல்ல, கிளம்பிடும்.

முதல்ல வந்த புகார்

பாசிவேஷன் பக்கம் நிக்கிற ரெண்டு மூணு பேருக்கு மதியத்துக்கு மேல தலைவலி, தொண்டை எரிச்சல், சிலசமயம் தலைசுத்தல். ஞாயித்துக்கிழமை லீவு எடுத்தா சரியாயிடும், திங்கக்கிழமை சாயங்காலம் மறுபடி வரும். யூனிட்ல அதை வெயிலுன்னும் சரியா சாப்பிடறதில்லன்னும் சொல்லிட்டிருந்தாங்க. ஆர்டர் கூடிக்கூடி வந்த சமயம், பேஸ்கெட்டை சயனைடு டேங்க்ல இருந்து தூக்கினா வடிய விடாம நேரா ரின்ஸ்க்கு கொண்டு போறாங்க, ரின்ஸ் தண்ணியை நாளுக்கு ஒருதடவை மாத்தினாலே பெருசு.

ஓனர் அக்கறை இல்லாத ஆள்னு சொல்லவே முடியாது. பசங்களுக்கு அடிக்கடி தலைவலின்னதும் வேலையிடப் பாதுகாப்பு பாக்கிற எங்களை அவரே கூப்பிட்டு கேட்டார், "ஏனுங்க, சுவத்துல இன்னும் பெரிய எக்சாஸ்ட் ஃபேன் ரெண்டு போட்டா போதாதுங்களா?" கொட்டேஷன் கூட வாங்கி வச்சிருந்தார். நேர்ல வந்து அளந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லி வச்சோம். நாங்க போறதுக்குள்ள சம்பவம் நடந்துடுச்சு.

சம்பவம் நடந்த காலை

திங்கக்கிழமை, ஷிஃப்ட் ஆரம்பம். பழைய பிக்லிங் ஆசிட் இரும்பு ஏறி வேலை செய்யாம போயிருந்ததால அதை மாத்தணும். வழக்கம்போல அடிவால்வை திறந்து விட்டுட்டாங்க. அது தரையில ஓடுற வாய்க்கால் வழியா கட்டடத்துக்கு பின்னாடி இருக்கிற கலெக்ஷன் சம்புக்கு போகும், சம்ப் ஆளுயரத்துக்கும் மேல ஆழம். அதே வாய்க்கால்லதான் சயனைடு ரின்ஸ் தண்ணியும் ஓடும். சனிக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சப்போ அந்த ரின்ஸ் டேங்கை காலி பண்ணியிருந்தாங்க, பம்ப் ஓடாததால தண்ணி அப்படியே சம்புல நின்னிருந்துச்சு. சயனைடு தண்ணி நிறைஞ்ச குழியில ஆசிட் போய் விழுது, இது யார் மனசுலயும் படல.

சம்ப் நிரம்பப் போகுதேன்னு பம்பை ஆன் பண்ண ஒரு ஹெல்பர் பையன் பின்னாடி போனான், ஒடிசாக்காரன், வேலைக்கு சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பம்ப் இழுக்கல. பம்ப் குழாயோட அடிமுனையில இருக்கிற ஃபுட் வால்வ்ல கசடு அடைச்சிருக்கும்னு மூடியை தள்ளிட்டு குனிஞ்சு பாத்திருக்கான், சம்ப் விளிம்புலயே மடங்கி விழுந்துட்டான், நல்லவேளையா உள்ள விழல. அதைப் பாத்த இன்னொரு பையன் ஓடி வந்து அவனை இழுக்கிறான், அவனுக்கும் கால் தள்ளாடுது. இழுத்த வேகத்துல முதல் பையனோட செருப்பு சம்புக்குள்ள விழ, கூட யாரோ உள்ள விழுந்துட்டாங்கன்னு நினைச்ச மூணாவது ஆள் ஏணியை இறக்க போயிட்டான். அப்போ பேரல் லைன்ல இருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து அவன் சட்டையை பின்னாடி பிடிச்சு, "டேய் இறங்காதடா, உள்ள ஒண்ணும் இல்ல, செருப்புடா அது"ன்னு கத்தி இழுத்து போட்டார். அவர் அன்னைக்கு பிடிக்கலைன்னா நான் எழுதுறது வேற மாதிரி இருந்திருக்கும்.

இது பயத்துல சொல்ற மிகை இல்ல. 1988 ஜூன்ல அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஒரு ஜிங்க் பிளேட்டிங் கம்பெனியில டேங்கை கழுவ இறங்கினவர் ஹெச்சிஎல் ஆசிட் போட்டு அடியில இருந்த ஜிங்க் சயனைடு கசடை எடுக்கப் போய் ஹெச்சிஎன் வாயு கிளம்பிடுச்சு, அவரை காப்பாத்த ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா இறங்கினவங்களும் சேர்த்து 5 பேர் இறந்துட்டாங்க.

மருத்துவமனையில

முதல் பையனை வேன்ல ஏத்தி பக்கத்துல இருந்த தனியார் மருத்துவமனைக்கு கொண்டு போனாங்க. கேட்ல "கெமிக்கல் அடிச்சு மயக்கம்"னு மட்டும் சொல்லியிருக்காங்க, டாக்டர் ஆசிட் புகைன்னு நினைச்சுட்டார். சூப்பர்வைசர் போன் பண்ணி "சயனைடுங்க, சயனைடு"ன்னு சொன்னப்புறம்தான் சிகிச்சையோட திசையே மாறுச்சு. முழு ஆக்சிஜன் ஏற்கனவே போட்டிருந்தாங்க, அதுதான் பெரிய உதவி. சயனைடு முறிவு மருந்தான ஹைட்ராக்சோகோபாலமின் அங்க இல்ல, இன்னொரு முறிவு மருந்தான சோடியம் தயோசல்ஃபேட்டை வெளிய இருந்து வரவழைச்சு ஏத்தினாங்க. சாயங்காலம் நல்லா பேச ஆரம்பிச்சுட்டான், ரெண்டாவது பையனை ஆக்சிஜன் கொடுத்து கண்காணிப்புல வச்சு அனுப்பிட்டாங்க.

சயனைடு ரத்தத்துல ஆக்சிஜன் ஏறுறதை தடுக்கிறதில்ல, செல்லுக்குள்ள அதை பயன்படுத்துற இடத்தையே அடைச்சிடுது. அதனால விரல்ல மாட்டுற மீட்டர் 98னு நல்லா காட்டும், ஆள் மூச்சுக்கு தவிச்சிட்டிருப்பான். இங்கயும் அப்படித்தான் காட்டியிருக்கு, அதை நம்பி கொஞ்ச நேரம் போயிடுச்சு.

நாங்க போனப்போ பாத்தது

வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தோம், அளக்கிறதுக்காக மட்டும் ஒரு லைனை கொஞ்ச நேரம் ஓட்டினோம், பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஏர்லைன் மாஸ்க் (குழாய் வழியா சுத்தக் காத்து வர்றது) போட்டு.

ஹெச்சிஎன் மீட்டரை முதல்ல சயனைடு டேங்க் விளிம்புல பிடிச்சோம், 1 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட வரல. எல்லாரும் பயந்துட்டிருந்த இடம் அதுதான். பாசிவேஷனுக்கு முன்னாடி இருக்கிற நைட்ரிக் டிப்ல, பேஸ்கெட்டை முக்கின அடுத்த நொடி 6ஐ தாண்டுச்சு. ஒரு கணம் கூட தாண்டக்கூடாதுன்னு ஏசிஜிஐஹெச்ங்கிற அமெரிக்க தொழில்சுகாதார அமைப்பு சொல்ற அளவு 4.7 பிபிஎம், உடனடி உயிராபத்துன்னு குறிக்கிறது 50. பையன் ஒவ்வொரு தடவை முக்கும்போதும் முகத்தை டேங்குக்கு நேரா வச்சிருக்கான், நாள் முழுக்க. தலைவலிக்கு காரணம் அங்கயே தெரிஞ்சுடுச்சு: சரியா அலசாத பேஸ்கெட்ல ஒட்டி வர்ற சயனைடு தண்ணி ஆசிட்ல விழுந்து வாயுவா கிளம்புது.

அடுத்து தரை. வாய்க்கால் ஓரமா மீட்டரை கொண்டு போனா, ஆசிட் ரின்ஸும் சயனைடு ரின்ஸும் சேர்ற மூலையில வரம்பை தாண்டி ஏறுது. இத்தனை நாளும் மேல கூரையைப் பாத்து ஃபேன் யோசிச்சிட்டிருந்தாங்க, வாயு காலடியில உற்பத்தி ஆயிட்டிருந்துச்சு.

ஓனர்கிட்ட ஒரு கணக்கு போட்டு காட்டினேன். 100 கிராம் சோடியம் சயனைடு முழுசா ஆசிட்ல மாட்டினா 55 கிராம் ஹெச்சிஎன் வரும், கிட்டத்தட்ட 50 லிட்டர் வாயு. 10 மீட்டருக்கு 10 மீட்டர், 5 மீட்டர் உயரம் இருக்கிற ஷெட்ல அது முழுக்க பரவினா 100 பிபிஎம். ஒரு கைப்பிடி சயனைடு உப்பு, ஒரு ஷெட் முழுக்க உயிராபத்து அளவுக்கு ரெண்டு மடங்கு. அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் ஃபேன் கொட்டேஷனை மடிச்சு வச்சுட்டார்.

ஸ்டோர் ரூம்ல சோடியம் சயனைடு டிரம்மும் ஹெச்சிஎல் கேனும் ஒரே சுவரோரம், டிரம் மூடி சரியா மூடல. ஈரக்காத்து பட்டாலே அதுல இருந்து மெதுவா ஹெச்சிஎன் வரும். எச்சரிக்கை போர்டு தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் பெருசா எழுதியிருந்துச்சு, விழுந்த பையனுக்கு ரெண்டுமே படிக்கத் தெரியாது. "வாசனை வந்தா ஓடிடுவோம்"னு பலபேர் சொன்னாங்க. கசப்பு பாதாம் வாசனை எல்லாராலயும் உணர முடியாது, பிறவியிலயே சிலருக்கு அந்த வாசனை தெரியாது, தெரிஞ்சவங்களுக்கும் கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும். ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சு இதை சொன்னோம்.

எடுத்த முடிவுகள், ஏன்

சுவர் ஃபேன் வேண்டாம்னு சொன்னதுதான் முதல் முடிவு. சுவர்ல இருக்கிற ஃபேன் டேங்க்ல இருந்து கிளம்புற வாயுவை நடுவுல நிக்கிற ஆளோட முகம் வழியா இழுத்துட்டுத்தான் வெளிய தள்ளும். ஃபேன் போட்டாச்சேன்னு ஒரு தைரியம் வந்துடும், அது இன்னும் மோசம்.

வாயுவை இழுக்கிறதுக்கு முன்னாடி அது உண்டாகாம பண்ணணும், அதனால பணம் முதல்ல தரைக்கு போச்சு. வாய்க்காலை ரெண்டா பிரிச்சு, நடுவுல தடுப்பு கட்டி, ஆசிட் பக்கம் தனி சரிவு தனி சம்ப், சயனைடு பக்கம் தனி சரிவு தனி சம்ப், ரெண்டும் கட்டடத்தோட எதிரெதிர் மூலையில. ஒண்ணு பொங்கினாலும் இன்னொண்ணுக்கு வழி இருக்கக்கூடாது. பைப்புக்கு வேற வேற நிறம். ஆசிட் டேங்க் அடிவால்வுக்கு பூட்டு போட்டு சாவி சூப்பர்வைசர்கிட்ட, அவர் சயனைடு சம்ப் லெவலை பாத்து கையெழுத்து போட்டாத்தான் திறக்கணும்.

அடுத்தது அலசல். சயனைடு டேங்குக்கு அடுத்து தண்ணி ஓடாம நிக்கிற ஒரு டிராக்-அவுட் டேங்க் (பேஸ்கெட்ல ஒட்டி வர்ற கரைசலை பிடிக்கிற தொட்டி) வச்சோம், அதுல சேர்ற சயனைடு தண்ணி ஆவியான அளவுக்கு பிளேட்டிங் டேங்குக்கே திரும்ப போகும். அதுக்கப்புறம் எதிர்த்திசையில தண்ணி ஓடுற ரெண்டு ரின்ஸ். பேஸ்கெட்டை டேங்குக்கு மேலயே மாட்டி வடிய விட ஒரு கம்பி, குறைஞ்சது 20 நொடி. இதுக்குத்தான் எதிர்ப்பு அதிகம், "அண்ணா, ஒரு பேஸ்கெட்டுக்கு 20 நொடின்னா நாளுக்கு எத்தனை பேஸ்கெட் குறையும்"னு ஷிஃப்ட் லீடர் ஓனர்கிட்டயே நேரா கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனா டிராக்-அவுட் திரும்ப போறதால சயனைடு வாங்குறது குறையும்னு காட்டினதும் ஓனரே கம்பியை மாட்டச் சொல்லிட்டார். முன்பக்கத்துல பிக்லிங் ரின்ஸுக்கு அப்புறம் ஒரு காஸ்டிக் டிப் சேர்த்தோம், குழாய் மாதிரி உள்கூடு இருக்கிற பாகங்கள்ல ஆசிட் தேங்கி சயனைடு டேங்குக்குள்ள போறதை அது தடுக்கும்.

எக்சாஸ்ட் அதுக்கப்புறம்தான். டேங்க் விளிம்புல ஸ்லாட் வச்சு, வாயு ஆள் முகத்துக்கு எழும்புறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல இழுக்கிற அமைப்பு. செலவு குறையும்னு ஃபேப்ரிகேட்டர் எல்லா டேங்கையும் ஒரே டக்ட்ல இணைச்சு ஒரே புளோயர் போட வரைபடம் கொடுத்தார். அதை ஒத்துக்கவே இல்ல. ஆசிட் ஆவியும் சயனைடு துளியும் ஒரே டக்ட்ல போய் குளிர்ந்து ஒண்ணா வடிஞ்சா வாய்க்கால்ல நடந்தது டக்ட்டுக்குள்ள நடக்கும். ஆசிட் பக்கம் தனி புளோயர் தனி ஸ்க்ரப்பர் (வெளிய விடுற காத்தை தண்ணியில கழுவுற கருவி), சயனைடு பக்கம் தனி. சயனைடு ஸ்க்ரப்பர்ல காஸ்டிக் தண்ணி, பிஹெச் 11க்கு கீழ போகக்கூடாது, தினமும் ஒருத்தர் பாத்து எழுதணும். நைட்ரிக் டிப் ஆசிட்தான்னாலும் சயனைடு ஒட்டி வர்ற இடம்கிறதால காஸ்டிக் ஸ்க்ரப்பர் பக்கம் அதுக்கும் தனி கிளை இழுத்தோம், அந்தக் கிளை ஸ்க்ரப்பர் வாய்ல மட்டும்தான் சேரும்.

கழிவு சுத்திகரிப்பையும் கை அளவுல விடல. சயனைடு தண்ணியில ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் கரைசல், சுருக்கமா ஹைப்போ) போட்டு சிதைக்கணும்னா பிஹெச் 10க்கு மேல நிக்கணும். இறங்கிட்டா சயனோஜன் குளோரைடுன்னு இன்னொரு விஷவாயு தேங்கும், இன்னும் அமிலமானா குளோரினே வரும். முன்ன ஒரு பையன் குடத்துல ஹைப்போ ஊத்தி குச்சியால கலக்கிட்டிருந்தான். பிஹெச் மீட்டரும் ஓஆர்பி மீட்டரும் (ஹைப்போ போதுமான்னு காட்டுறது) வச்சு, பிஹெச் விழுந்தா ஹைப்போ ஊத்துற டோசிங் பம்ப் தானா நிக்கிற மாதிரி மாத்தினாங்க. பிரிச்சதுல இன்னொரு லாபம், பிக்லிங் ஆசிட்ல இருக்கிற இரும்பு சயனைடோட சேராது. சேர்ந்தா அது ஹைப்போவுக்கு மசியாத கூட்டுப்பொருளா மாறி டெஸ்ட்ல சயனைடு குறையவே குறையாது, ரொம்ப நாளா அவங்களுக்கு ரிப்போர்ட் ஃபெயில் ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சம்புக்குள்ள யாரும் இறங்கக்கூடாது. 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 36ஆவது பிரிவே இந்த மாதிரி குழி, டேங்க்ல வாயு சோதிக்காம ஆளை இறக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு. நாங்க இன்னும் ஒருபடி போய் ஃபுட் வால்வையே எடுத்துட்டு மேல இருந்து தூக்கிடற பம்ப் வச்சு, இறங்குறதுக்கான காரணத்தையே இல்லாம பண்ணோம். கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டா இறங்கலாமான்னு கேட்டாங்க. கூடாது, அளவு தெரியாத வாயுக்கு காத்து சிலிண்டரோட இருக்கிற செட் மட்டும்தான்.

சயனைடையே நிறுத்தினது

வாய்க்கால், அலசல் வேலையெல்லாம் முடிஞ்சு ஓட ஆரம்பிச்சப்புறம் நைட்ரிக் டிப்ல 1 பிபிஎம்முக்கு கீழ வந்துடுச்சு, தலைவலி புகாரும் நின்னுடுச்சு. ஓனர் அங்கயே நிறுத்தியிருக்கலாம். சில மாசம் கழிச்சு அவரே போன் பண்ணி சயனைடு இல்லாத பாத்துக்கு போகலாம்னு சொன்னார், எனக்கு இதுலதான் அவர்மேல மரியாதை கூடுச்சு.

போல்ட் மாதிரி சின்ன பாகம் ஓடுற பேரல் லைனுக்கு அல்கலைன் சயனைடு-இல்லாத ஜிங்க். வார்ப்பிரும்பு பாகம் ஓடுற வேட் லைனுக்கு அது சரிப்படாது, வார்ப்பிரும்புல ஜிங்க் பிடிக்க ஆசிட் குளோரைடு பாத்தான் நல்லது. புது பாத் எதுவும் சயனைடு மாதிரி அழுக்கை பொறுத்துக்காது. ஆரம்பத்துல எண்ணெய் சரியா போகாம கொப்புளம், உரியறதுன்னு ரிஜெக்ஷன் குவிஞ்சுது, டீகிரீசிங்கை சரிபண்ணின பிறகுதான் அடங்குச்சு. அல்கலைன் பாத்ல ஹைட்ரஜன் நிறைய வந்து காஸ்டிக் துளியை தூக்கிட்டு வரும், அதனால ஸ்லாட் எக்சாஸ்டை கழட்டவிடல.

மாத்துற வேலைதான் இந்த முழு கதையிலயும் ஆபத்தான கட்டம். கான்ட்ராக்டர் பழைய சயனைடு டேங்கை தண்ணியில கழுவிட்டு அதுலயே ஆசிட் ஜிங்க் கரைசலை நிரப்பலாம்னு திட்டம் போட்டிருந்தார். டேங்கோட ரப்பர் லைனிங் மடிப்புல, அடிக்கசட்டுல, ஆனோடு பேஸ்கெட்ல (ஜிங்க் துண்டு போட்டு தொங்கவிடற கூடை), பேரல் ஓட்டையில எல்லாம் சயனைடு ஊறியிருக்கும். அதுக்கு மேல பிஹெச் 5 கரைசலை ஊத்தினா என்ன நடக்கும்னு மேல இண்டியானா கதையிலயே இருக்கு. வாதம் நீண்டுச்சு, கடைசியில ஓனர் ஆசிட் லைனுக்கு புது டேங்க், புது ஆனோடு பேஸ்கெட் வாங்கினார். பழைய டேங்கை காஸ்டிக்-ஹைப்போல ஊற வச்சு, தண்ணியை சோதிச்சு, அல்கலைன் லைனுக்கு மட்டும் பயன்படுத்தினாங்க. மீதமிருந்த சயனைடு கரைசலை கொஞ்சம் கொஞ்சமா சிதைச்சு முடிக்க நினைச்சதை விட ரொம்ப நாள் ஆச்சு, அந்த நாள் முழுக்க ஆசிட் டேங்க் வால்வ் பூட்டியே இருந்துச்சு.

இப்போ நிலைமை

சயனைடு ஸ்டாக் பூஜ்யம். விழுந்த பையன் ஊருக்கு போயிட்டு திரும்ப வந்து இப்போ டீகிரீசிங்ல இருக்கான், டாக்டர் ரெண்டு தடவை பாத்து சரின்னுட்டார். எச்சரிக்கை போர்டுல தமிழோட ஹிந்தி, ஒடியா, கூடவே படம். சட்டையை பிடிச்சு இழுத்த பெரியவர்தான் புதுசா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாள் சம்பை காட்டி சொல்லிக் கொடுக்கிறார், மேடை போட்டு நாங்க பேசினதை விட அது நல்லா போய் சேருது.

மறுபடி இப்படி ஒரு யூனிட் வந்தா மாத்திச் செய்றது

தலைவலின்னு புகார் வந்த அன்னைக்கே, நேர்ல போறதுக்கு முன்னாடி, ஆசிட் டேங்க் எதையும் காலி பண்ணாதீங்கன்னு போன்லயே சொல்லச் சொல்லுவேன், அதுக்கு மீட்டர் தேவையில்ல. மருத்துவமனையோட முன்கூட்டியே பேசி, எங்க யூனிட்ல சயனைடு இருக்கு, ஆன்டிடோட் (முறிவு மருந்து) உங்ககிட்ட இருக்கா, இல்லைன்னா எங்க இருக்குன்னு எழுத்துல வாங்கி வைக்கணும், கேட்ல சொல்ல வேண்டிய வார்த்தையை ஒரு அட்டையில அடிச்சு வேன்லயே ஒட்டி வைக்கணும். நிலையான ஹெச்சிஎன் அலாரத்தை இங்க பிளேட்டிங் டேங்க் மேல மாட்டினாங்க, அடுத்த இடத்துல நைட்ரிக் டிப் பக்கமும் சம்ப் மூடி பக்கமும் மாட்டச் சொல்லுவேன். நைட் ஷிஃப்ட்லயும் ஒருதடவை அளக்கணும், அளந்ததெல்லாம் பகல்ல சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கும்போது எடுத்தது, ராத்திரியில 20 நொடி வடிய விடறாங்களான்னு யாரும் நின்னு பாக்கல.